வானலையும் வாய்க்கால் முறையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

ஆண்டு விழா என்றவுடன் இசையும் நாடகமும் இலக்கியச் சொற்பொழிவுமே நம் நினைவுக்கு வரும். இவ்வாண்டு நம் செயலாளர் அவர்கள், "உருக்காலையின் கம்பியில்லாத் தொடர்புப் பிரிவில் முப்பது ஆண்டுகள் உழைத்திருக்கிறீர்கள், அதைப் பற்றியே பேசுங்கள்" என்று எம்மைப் பணித்தார்கள். வடை பாயசத்திற்கு முன்னே விஞ்ஞானப் பேச்சா என்று யாம் தயங்கினோம். ஆனால் இக்காலனியின் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இரவு முறைக்குச் செல்கிறார். அவருடைய உயிர்ப் பாதுகாப்பைத் தொடும் செய்தி ஆதலால், இசைந்தோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். உருகிய எஃகு நிறைந்த லேடிலை ஒரு கிரேன் தூக்கி நின்றது. ஓட்டுநர் கையிலிருந்த வாக்கி டாக்கியில் "இறக்கு" என்று ஒரு குரல் கேட்டது. அது அவருக்குரிய குரல் அன்று. மதிலுக்கு அப்பால் கட்டட வேலை பார்த்த ஓர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், அனுமதி பெறாத கருவிகளை அதே அலைவரிசையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே நின்ற மேற்பார்வையாளர் இரு கைகளையும் உயர்த்தி ஆட்டியதைக் கண்டு ஓட்டுநர் நிறுத்திக்கொண்டார். ஒருவருக்கும் தீங்கில்லை. ஆனால் அந்த மேற்பார்வையாளர் அன்று வீடு சென்று உணவு கொள்ளவில்லை என்று பின்னர் அறிந்தோம். வானலையை யார், எங்கே, எவ்வளவு பயன்படுத்துவது என்று வரையறுக்கும் சட்டம் வெறும் காகிதம் அன்று என்பதை அன்றுதான் யாம் உணர்ந்தோம்.

வானலை என்பது யாது? நம்மில் பலர் ஏரிப் பாசனமுள்ள ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஏரி ஊருக்குப் பொது. அதன் நீரை மடை மடையாக, முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். யார் வயலுக்கு எந்த நாழிகையில் நீர் என்பதை நீர்க்கட்டி அறிவார். முறை தவறி ஒருவர் மடையைத் திறந்தால் கடைமடைக்காரர் வயல் காயும். வானலையும் இத்தகைய பொதுச்சொத்தே. ஒரே இடத்தில் இருவர் ஒரே அலைவரிசையில் பேசினால் இருவர் பேச்சும் கெடும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஏரி நீர் செலவழிந்தால் குறையும். வானலை பயன்படுத்துவதால் குறைவதில்லை. பயன்படாமல் கழிந்த நாளின் பயன் மட்டும் மீண்டும் வாராது. எனவே இதைப் பூட்டி வைப்பதும் குற்றம். முறையின்றித் திறந்து விடுவதும் குற்றம்.

அலைகளெல்லாம் ஒரு தன்மையன அல்ல. 700 மெகாஹெர்ட்ஸ் அலை நெடுந்தூரம் செல்லும், சுவரையும் ஊடுருவும். 3,500 மெகாஹெர்ட்ஸ் அலை அத்துணை தூரம் செல்லாது. ஆயினும் மிகுதியான செய்தியைச் சுமக்கும். 26,000 மெகாஹெர்ட்ஸ் அலை அதனினும் குறைந்த தூரமே செல்லும். நம் வீடுகளில் உள்ள வைஃபை பெட்டிகளிற் பல 2,400 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குவன. அப்பகுதிக்கு 2005-ஆம் ஆண்டிலேயே உரிம விலக்கு அளிக்கப்பட்டது. அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. மாலையில் அடுத்தடுத்த வீடுகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் திரைப்படம் பார்க்கத் தொடங்கினால் படம் நின்று நின்று ஓடுவது ஏன் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள் அல்லவா? உரிமம் வேண்டாத இடத்தில் நெரிசல் உண்டு என்பதே விடை. வீட்டில் படம் நின்றால் சலிப்பு. லேடில் தூக்கிய கிரேனுக்குக் கட்டளை நின்றால் ஆபத்து.

இன்றைய ஆலைக்கும் சுரங்கத்திற்கும் வாக்கி டாக்கி மட்டும் போதாது. நச்சு வாயுவை அளக்கும் கருவிகள், உலை வாயிலைக் காட்டும் காமிராக்கள், தொலைவிலிருந்து இயக்கப்படும் வண்டிகள் ஆகிய யாவும் இடைவிடாது செய்தி அனுப்புகின்றன. இவற்றுக்கெல்லாம் விரைவான அகன்ற அலைத்தொடர்பு வேண்டும். அதுவும் ஆலை மதிலுக்குள் ஆலைக்கென்றே இயங்குவதாய் இருத்தல் வேண்டும். இதனையே தனியார் வலையமைப்பு என்கிறார்கள். இதற்குரிய அலைக்கற்றையை எவ்வாறு வழங்குவது என்பதே இன்றைய வினா.

சட்டத்தின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் நெடுங்காலம் நம்மை ஆண்டன. வானொலிப் பெட்டிக்குக்கூட அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் பெற்ற காலம் இங்குள்ள முதியோர் நினைவில் இருக்கும். 1995-இல் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து. அவை பொது நலன் கருதி ஒழுங்கு செய்யப்படவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2012 பிப்ரவரியில் முறையற்ற வகையில் வழங்கப்பட்ட 122 உரிமங்களை அந்நீதிமன்றமே நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், எல்லா இயற்கை வளங்களுக்கும் ஏலம் ஒன்றே வழி அன்று என்று கருத்துரைத்தது. ஆயினும் அலைக்கற்றையைப் பொறுத்தவரை முந்தைய தீர்ப்பு மாறவில்லை. பழைய இரு சட்டங்களுக்கும் மாற்றாக 2023-இல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டமும் ஏலத்தையே பொதுவிதியாகக் கொண்டு, அட்டவணையில் குறித்த சில பயன்களுக்கு மட்டும் நேர் ஒதுக்கீட்டை அனுமதித்தது.

நேர் ஒதுக்கீட்டுக்கு நம் கண்முன் ஒரு சான்று உண்டு. 700 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கு 2021 மார்ச் ஏலத்தில் கேட்பார் இல்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் அப்பகுதியில் 5 மெகாஹெர்ட்ஸை இரயில்வேக்கு வழங்க மத்திய அமைச்சரவை இசைந்தது. ஓட்டுநரும் நிலையத்தாரும் தடையின்றிப் பேசவும், இரயில்கள் மோதாமல் காக்கும் அமைப்பு வலுப்பெறவும் அது வழங்கப்பட்டது. ஊருக்குச் செல்ல இரயிலேறும் நமக்கெல்லாம் அது நற்செய்தியே.

ஆலைகளின் நிலை அத்துணை எளிதன்று. 2022 ஜூன் மாதத்தில் தொலைத்தொடர்புத் துறை தனியார் வலையமைப்புகளுக்கு விதிமுறை வெளியிட்டது. நான்கு வழிகள் கூறப்பட்டன. தொலைபேசி நிறுவனம் தன் பொது வலையிலிருந்தே ஒரு பகுதியை ஆலைக்குப் பிரித்துத் தரலாம். அல்லது ஆலைக்குள் தனி வலையைத் தானே அமைத்துத் தரலாம். மூன்றாவதாக, ஆலை உரிமம் பெற்று நிறுவனத்திடமிருந்து அலைக்கற்றையைக் குத்தகைக்கு எடுக்கலாம். நான்காவதாக, அரசிடமிருந்தே நேரே பெறலாம். அவ்விதிமுறைப்படி உரிமத்திற்கு நுழைவுக் கட்டணம் இல்லை, விண்ணப்பக் கட்டணம் 50,000 ரூபாய், காலம் பத்தாண்டு என்று இருந்தது. இவ்வலையைப் பொதுத் தொலைபேசி வலையோடு இணைத்தல் கூடாது என்றும் அது விதித்தது.

நான்காம் வழியில்தான் வழக்கு எழுந்தது. 2022 ஆகஸ்டில் அரசு, 100 கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்புள்ள நிறுவனங்களிடம் தேவைக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. ஆனால் அலைக்கற்றை உடனே வந்துவிடவில்லை, வாதம் நீண்டது.

தொலைபேசி நிறுவனங்களின் வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. அவ்வாண்டு ஏலத்தில் அவை ஒப்புக்கொண்ட தொகை ஏறத்தாழ 1,50,173 கோடி ரூபாய். "இவ்வளவு பொருள் கொடுத்து நாங்கள் பெற்றதைச் செல்வம் மிக்க ஆலைகளுக்குக் குறைந்த விலையில் கொடுப்பது நியாயமா? பெரிய வாடிக்கையாளர்களை இழந்தால் சிற்றூர்களுக்கு வலை விரிக்கும் பொருள் எங்கிருந்து வரும்?" என்று அவை கேட்கின்றன. ஆலைகளோ, "எங்கள் உலை நள்ளிரவில் நின்றால் இழப்பு எங்களுக்கே. அதன் நரம்பு மண்டலத்தைப் பிறர் கையில் ஒப்படைக்க இயலுமா? நகரத்து வாடிக்கையாளரை நோக்கி அமைந்த நிறுவனம், காட்டிடைச் சுரங்கத்திற்கு முதலிடம் கொடுக்குமா?" என்று கேட்கின்றன. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

பிற நாடுகள் செய்ததைப் பார்ப்போம். ஜெர்மனி 3,700 முதல் 3,800 வரையுள்ள 100 மெகாஹெர்ட்ஸை ஆலைகள், பண்ணைகள் போன்ற உள்ளூர்ப் பயன்களுக்கென்று ஒதுக்கியது. 2019 நவம்பர் முதல் விண்ணப்பங்களை ஏற்றது. எவ்வளவு அலை, எத்துணைப் பரப்பு, எத்தனை ஆண்டு என்பதைப் பொறுத்துக் கட்டணம். அதே ஆண்டு நடந்த பெரிய ஏலத்தில் அந்நாட்டரசு ஏறத்தாழ 655 கோடி யூரோ ஈட்டியது என்பதையும் கருதவேண்டும். உள்ளூர்ப் பயனுக்கு ஒரு பகுதியை ஒதுக்கியதால் ஏலம் வறண்டுவிடவில்லை. பிரிட்டனும் 2019-இல் 3,800 முதல் 4,200 வரையுள்ள பகுதியை இடத்திற்கிடம் பகிர்ந்து வழங்கத் தொடங்கியது.

அமெரிக்காவின் வழி வேறு. அங்கே 3,550 முதல் 3,700 வரையுள்ள பகுதியில் கடற்படையின் ராடார்கள் இயங்குகின்றன. 2015-இல் வகுத்த விதிப்படி அதனை மூன்று படிகளாக்கினர். முதலுரிமை கடற்படை போன்ற பழைய பயனாளருக்கு. இரண்டாமுரிமை 2020-இல் ஏலத்தில் எடுத்தோர்க்கு. எஞ்சியது விதிக்கு உட்பட்ட பொதுமக்களுக்கு. கடற்கரையில் நிறுவிய உணர்கருவிகள் ராடாரைக் கண்டவுடன் ஒரு கணினி அமைப்பு மற்றவர்களை வேறு தடத்திற்கு மாற்றிவிடும். நம் ஊர் நீர்க்கட்டி செய்த வேலையை அங்கே கணினி செய்கிறது என்று கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் கண்டபின் எமக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம். ஆலைக்கும் சுரங்கத்திற்கும் துறைமுகத்திற்கும் ஒரு சிறு பகுதியைத் தனியே ஒதுக்குதல் தகும். ஆனால் அது மதிலுக்குள் அடங்கும் குறைந்த ஆற்றலுடையதாய் இருத்தல் வேண்டும். மதிலைத் தாண்டிக் காலனிக்குள் வணிகம் செய்ய இடம் தரலாகாது. குறித்த காலத்துள் பயன்படுத்தாதவர் அதைத் திருப்பித் தரவேண்டும். கட்டணம் பரப்பிற்கும் காலத்திற்கும் ஏற்றதாய் இருக்கட்டும்; இலவசமாய் இருக்கவேண்டாம். பொதுச்சொத்தை இலவசமாய்ப் பெற்றவர் அதைக் காப்பதில்லை. எந்த இடத்தில் யாருக்கு எந்த அலை என்ற பதிவேடு எவரும் பார்க்கத் திறந்திருக்கட்டும். இடையூறு என்று முறையிட்டால் அன்றே வந்து அளந்து பார்க்கும் அலுவலர்கள் போதிய அளவில் இருக்கட்டும். எம் அனுபவத்தில் இக்கடைசிக் கருத்தே முதன்மையானது. யாம் கூறிய கிரேன் நிகழ்ச்சியில் சட்டம் இருந்தது. அதைக் காத்து நிற்க ஆள்தான் இல்லை.

மற்றொன்று. நூறு கோடி என்ற வரம்பு பெரிய ஆலைக்குப் பொருந்தும். நம் காலனியைச் சுற்றியுள்ள சிறு வார்ப்படப் பட்டறைகளிலும் மனிதர்களே வேலை செய்கிறார்கள். அவர்கள் கடைமடைக்காரர்கள். அவர்களுக்கும் நீர் எட்டும் வழியை விதி வகுப்போர் காணவேண்டும்.

இதில் நமக்கென்ன பங்கு என்று கேட்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தன் பரிந்துரைகளுக்கு முன் கலந்தாய்வுத் தாள் வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. நிறுவனங்கள் பக்கம் பக்கமாய் எழுதி அனுப்புகின்றன. உலையடியில் நிற்பவர் எழுதுவது அரிது. அடுத்த தாள் வெளிவரும்போது நம் சங்க நூலகத்தில் ஒரு மாலை கூடிப் படிப்போம். நம் கருத்தை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புவோம். பொறியியல் பயிலும் நம் பிள்ளைகள் துணை செய்யட்டும்.

யாம் பணியிலிருந்து ஓய்வு பெற்றாலும், இரவு பத்து மணிச் சங்கு ஒலிக்கும்போது இன்னும் எழுந்து வாயிலுக்கு வருகிறோம். உணவுப் பாத்திரத்தோடு மிதிவண்டியில் செல்லும் நம் பிள்ளைகளைக் காண்கிறோம். அவர்கள் காதில் விழும் கட்டளை அவர்களுக்குரிய கட்டளையாய் இருக்கவேண்டும். எம் வேண்டுகோள் அவ்வளவே.

 வாழ்க தமிழ்! வாழ்க பாரதம்!