டாக்டர் ஆகாமலும் மருத்துவமனையில் வேலை



காய்ச்சல்னு அரசு மருத்துவமனைக்குப் போறோம். டாக்டர் சீட்டு எழுதுகிறார், மாத்திரை கைக்கு வருகிறது. அந்த மாத்திரை அங்கே எப்படி வந்தது?

1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. கணக்கு தவறினால் நோயாளி வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

இந்தக் கணக்கு, காப்பீடு, பணியாளர் ஏற்பாடு எல்லாம் சேர்ந்ததுதான் மருத்துவமனை நிர்வாகம். இதற்கு பி.பி.ஏ. படிப்பு இருக்கிறது, வணிகவியல் படித்தவர்களும் பெரும்பாலும் சேரலாம். ஆனால் இது டாக்டர் படிப்பு இல்லை, நர்சிங்கும் இல்லை.

பணம் கட்டும் முன்னாடி மூன்று கேள்வி கேளுங்க:

பட்டமா, வெறும் சான்றிதழா?
எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்?
பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம்?

போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் யு.ஜி.சி. இணையதளத்தில் இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 பெற, சேர்ந்த கல்லூரியிலேயே கேளுங்கள்.

அவசரப்பட்டு அட்வான்ஸ் கட்டாதீங்க. விசாரிச்சுட்டுச் சேருங்க.