தலைவருக்கு எவ்வளவு பங்கு?

(பொன்விழாக் கல்வி நாளில் ஆற்றிய உரை)





"தொழில்நுட்பத் துறையில் தலைமைத்துவம்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பு வந்தாலே நம் வீடுகளில் சுந்தர் பிச்சையின் பெயரும் கூடவே வந்துவிடும். மதுரையில் பிறந்தவர், சென்னையில் வளர்ந்தவர், 2004இல் கூகுளில் சேர்ந்து 2015இல் அதன் தலைமைச் செயல் அதிகாரி ஆனவர். நமக்குப் பெருமைதான். "நம்ம பிள்ளையும் அப்படி வரணும்" என்று பெற்றோர் ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஒரு தொழில்நுட்ப நிறுவனம் வெற்றி பெறும்போது அதில் தலைவரின் பங்கு எவ்வளவு, மற்றவர்களின் பங்கு எவ்வளவு? இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்க வந்திருக்கிறேன்.

இதற்கு அமெரிக்காவரை போக வேண்டாம். ஜுருவிலிருந்து பாலம் ஏறினால் பாயான் லெப்பாஸ். அங்கே இருக்கும் இன்டெல்லையே எடுத்துக்கொள்வோம்.

1969இல் பினாங்கு தன் சுதந்திரத் துறைமுக அந்தஸ்தை இழந்தது. துறைமுகத்தையும் கடைவீதியையும் நம்பியிருந்த குடும்பங்கள் தவித்தன. அதே ஆண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்து, வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களைத் தேடிப் போய் அழைத்தார். 1972இல் இன்டெல் வந்தது. வெளிநாட்டில் அது அமைத்த முதல் ஆலை இதுதான். எங்கிருந்தோ ஒரு தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டதால் அந்த ஆலை எழும்பிவிடவில்லை. நிலத்தை மாநிலம் தயார்செய்தது. ஆலைகளில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சிப்பில் இணைத்தவர்கள் பெரும்பாலும் கம்பத்திலிருந்து பாக்டரி பஸ் ஏறி வந்த இளம் பெண்கள். 1975 மே மாதம் அந்த ஆலை தீயில் அழிந்தது. ஆனாலும் இன்டெல் பினாங்கை விட்டுப் போகவில்லை. மூன்றே ஆண்டில் இங்கே உருவாகிவிட்ட கைத்திறன் அதற்கு வேண்டியிருந்தது.

அடுத்து 1985. இன்டெல்லின் மெமரி சிப் வியாபாரத்தை ஜப்பானிய நிறுவனங்கள் அடித்து வீழ்த்திக்கொண்டிருந்தன. அப்போது நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவும் கோர்டன் மூரும் தங்களுக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்கள். நம்மை நீக்கிவிட்டு வேறொருவரை இங்கே உட்காரவைத்தால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டுவிடுவார். அப்படியானால் நாமே ஏன் அதைச் செய்யக்கூடாது? மெமரியைக் கைவிட்டு மைக்ரோபிராசசருக்குத் திரும்பினார்கள். இது துணிச்சலான முடிவு என்று மேலாண்மைப் பள்ளிகளில் இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள்.

ஆனால் கதையின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒவ்வொரு வேஃபரிலும் எதைச் செய்தால் லாபம் கூடும் என்று கணக்குப் பார்த்து, உற்பத்தித் திட்டம் போடும் நடுநிலை அதிகாரிகள் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஆலைகளை மைக்ரோபிராசசர் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். மேலிடம் முடிவெடுத்த நேரத்தில் எட்டு ஆலைகளில் ஒன்றில் மட்டுமே மெமரி தயாராகிக்கொண்டிருந்தது. இதை 1996இல் வந்த தன் நூலில் எழுதியவர் குரோவேதான். அந்தப் பெருந்தன்மைக்காகவே அவரை மதிக்கலாம். மைக்ரோபிராசசருக்குச் சந்தை கிடைத்ததிலும் இன்னொரு தரப்புக்குப் பங்கு உண்டு. 1981இல் வெளிவந்த தன் கணினிக்கு ஐபிஎம் இன்டெல்லின் சிப்பைத் தேர்ந்தெடுத்தது. அந்த முடிவு ஐபிஎம்மின் கையில் இருந்தது.

அப்படியானால் தலைவருக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. ஐபோன் வருவதற்கு முன் அதற்குச் சிப் செய்துதர முடியுமா என்று ஆப்பிள் கேட்டது. ஆப்பிள் சொன்ன விலைக்குக் கட்டுப்படியாகாது என்று அன்றைய தலைவர் பால் ஒட்டெல்லினி விட்டுவிட்டார். செலவுக் கணக்கும் தப்பாகிவிட்டது, விற்பனையோ எவரும் நினைத்ததைப்போல் நூறு மடங்கு ஆனது என்று 2013இல் அவரே சொன்னார். கைபேசிச் சந்தையில் இன்டெல்லுக்கு இடமில்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். "சரி", "வேண்டாம்" என்ற கடைசிச் சொல் தலைவருடையது. அந்தச் சொல்லுக்கான பொறுப்பும் அவருடையதே.

இன்னொன்றையும் பாருங்கள். 2021 டிசம்பரில் பேட் கெல்சிங்கர் இங்கு வந்து 30 பில்லியன் ரிங்கிட் முதலீட்டை அறிவித்தார். 2024இல் நிறுவனம் ஏறக்குறைய 18.8 பில்லியன் அமெரிக்க டாலர் நஷ்டம் கண்டது. அந்த டிசம்பரில் அவர் பதவி போனது. ஆனால் இன்டெல் பின்தங்கத் தொடங்கியது அவர் தலைமைக்கு வருவதற்கு முன்பே. அதன் 10 நானோமீட்டர் தொழில்நுட்பம் பல ஆண்டுகள் தாமதமாகியிருந்தது. சிப் தொழிலில் இன்று நட்டது பல வருடம் கழித்துத்தான் காய்க்கும். ஒருவர் நட்டதை இன்னொருவர் அறுக்கிறார், அது நெல்லானாலும் முள்ளானாலும். 2025 மார்ச்சில் பொறுப்பேற்ற லிப்-பு தான் நம் ஜோகூர் மூவாரில் பிறந்தவர். அவரைப் புகழ்வதானாலும் இகழ்வதானாலும் கொஞ்ச காலம் பொறுத்துச் செய்யலாம்.

நம் நாசி கண்டார் கடைகளில் இது நமக்குப் பழக்கமான விஷயம். பலகையில் முதலாளியின் பெயர் இருக்கும். கூட்டம் வருவது பண்டாரியின் கைப்பக்குவத்துக்கு. இடம் பார்த்தது, கடன் வாங்கியது, பண்டாரியை மரியாதையாக வைத்துக்கொண்டது முதலாளி. பண்டாரி போய்விட்டால் பலகை மட்டும் குழம்பு வைக்காது. நல்ல பண்டாரி இருந்தும் கடையை மூடவைத்த முதலாளிகளையும் நாம் பார்த்திருக்கிறோம்.

பெருமையைப் பங்கிடுவதில் அநியாயம் நடந்தால் அது சம்பளத்தில் தெரியும். 2022இல் பிச்சைக்குக் கிடைத்த மொத்த ஊதியம் ஏறக்குறைய 226 மில்லியன் டாலர். பெரும்பகுதி பங்குகளாக. 2023 ஜனவரியில் கூகுள் தாய் நிறுவனம் 12,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. முழுப் பொறுப்பையும் ஏற்கிறேன் என்றார் பிச்சை. ஆனால் வேலையை இழந்தவர்கள் அந்த 12,000 பேர். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளமான "டிரான்ஸ்ஃபார்மர்" என்ற முறையை 2017இல் வெளியிட்டவர்கள் கூகுளைச் சேர்ந்த எட்டு ஆய்வாளர்கள். அவர்களில் ஒருவரின் பெயராவது இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெற்றோர்களே, இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் தலைமை நாற்காலிக்குப் போகிறவர் ஓரிருவராக இருக்கலாம். பாயான் லெப்பாஸ், பிறை, புக்கிட் மிஞ்ஞாக், பத்து காவான் ஆலைகளுக்குத் தினமும் தேவைப்படுவது நல்ல டெக்னீஷியன்களும் பொறியாளர்களும்தான். 1989இல் பினாங்கு தொழில்திறன் மேம்பாட்டு மையத்தைப் போட்டி நிறுவனங்களே கூடி நடத்தத் தொடங்கியதும் இதனால்தான். ஆனால் பிள்ளை பாலிடெக்னிக்கிலோ திவெட் கல்லூரியிலோ சேர்ந்தால், கல்யாண வீட்டில் அதைச் சொல்லவே சில பெற்றோர் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் பிள்ளையின் மனத்தில் போய்த் தங்கிவிடுகிறது.

ஆகவே சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். பொன்விழாக் கல்வி உதவிநிதியைப் பட்டப்படிப்புக்கு மட்டும் ஒதுக்காமல், தொழில்திறன் படிக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகக் கொடுங்கள், இதே மேடைக்கு அழைத்துக் கொடுங்கள். இரண்டாவது, பொன்விழா மலரில் தலைவர்களின் படங்கள் வரிசையாக வரும், வரவும் வேண்டும். அவர்கள் நேரத்தையும் பணத்தையும் தந்தவர்கள். அதோடு, ரமலானில் அடுப்படியில் நின்று நோன்புக் கஞ்சி கிண்டியவர்கள், வீடு வீடாகச் சந்தா வசூலித்தவர்கள், நள்ளிரவிலும் ஜனாஸா வேலைக்கு ஓடிவந்தவர்கள், இவர்களின் பெயர்களும் ஒரு பக்கத்தில் வரட்டும். நாளைக்கு ஒரு பேரப்பிள்ளை அந்தப் பக்கத்தைத் திறந்து, "இது எங்க நன்னா" என்று காட்டட்டும்.