யாரும் படிக்காத செக்டர்

போன எபிசோட்ல ரெய்டு பத்திப் பேசினதும் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "நாலு டிஸ்க்ல ரெய்டு 5 போட்டாச்சு. ஒண்ணு போனாலும் டேட்டா போகாது. அப்புறம் என்ன கவலை?" நானும் அப்படித்தான் இருந்தேன்.

வீட்டுல நாலு 4 டெராபைட் டிஸ்க் போட்ட லினக்ஸ் பெட்டி ஒண்ணு. அக்கா கல்யாண வீடியோ, பாட்டி கதை சொன்ன வீடியோ எல்லாம் அதுலதான். ஒரு நாள் ஒரு டிஸ்க் செத்துப் போச்சு. பதட்டமே இல்லாம புதுசு மாட்டி ரீபில்ட் போட்டேன். பாதிக்கு மேல போய் நின்னுடுச்சு. இன்னொரு டிஸ்க்லயும் பேட் பிளாக்!

அது அன்னிக்கு வந்ததில்ல. எப்பவோ வந்து, யாருமே திறக்காத ஃபைலுக்குக் கீழ கிடந்திருக்கு. படிக்கப் போனாத்தான் தெரியும். ரீபில்ட்னா மீதி மூணு டிஸ்க்கையும், காலி இடம் உட்பட, முழுசா படிக்கணும். மொத்தம் 12 டெராபைட். நடுவுல ஒரு செக்டர் படிக்க முடியலன்னா, அதைக் கணக்குப் போட்டு எடுக்கத் தேவையான நாலாவது டிஸ்க் அப்போ இல்ல.

நாலும் நல்லா இருந்தப்பவே 'செக்' ஓட்டியிருந்தா? எம்டி ரெய்டு எல்லா டிஸ்க்கையும் கடைசி வரை படிக்கும். படிக்க முடியாத இடத்தை மத்த மூணையும் வெச்சுக் கணக்குப் போட்டு, அங்கேயே திரும்ப எழுதும். தேவைப்பட்டா டிஸ்க்கே அந்த செக்டரை ஒதுக்கிட்டு ஸ்பேரைப் போட்டுக்கும். டெபியன்ல இது மாசத்தோட முதல் ஞாயிறு, நடுராத்திரி ஒரு மணி வாக்குல தானா ஓடும். என் பெட்டில ஓடல. கரண்ட் பில் ஏறுதேன்னு தினமும் ராத்திரி ஆஃப் பண்ணிட்டுத் தூங்குற ஆள் நான்!

இப்ப நான் பண்றது இதுதான். மாசம் ஒரு செக். அதோட ஸ்மார்ட் லாங் டெஸ்ட். 4 டெராபைட் டிஸ்க்குன்னா பல மணி நேரம் ஓடும், ஓடட்டும். ரிப்போர்ட்ல 'பாஸ்டு'ன்னு வந்தா உடனே நம்பிடாதீங்க. 'கரண்ட் பெண்டிங் செக்டர்', 'ரீஅலொகேட்டட் செக்டர்' ரெண்டு எண்ணையும் பாருங்க. மாசாமாசம் ஏறுதுன்னா டிஸ்க்கை மாத்திடுங்க. புது டிஸ்க்னா அரேல சேர்க்கிறதுக்கு முன்னாடி 'பேட்பிளாக்ஸ்' ஓட்டிப் பாருங்க. ஆனா அதுல 'மைனஸ் டபிள்யூ' போட்டா டிஸ்க்ல இருக்கிறதை எல்லாம் அழிச்சிடும். டேட்டா இருக்கிற டிஸ்க் மேல போட்டுடாதீங்க, ப்ளீஸ்.

கடைசில என்ன ஆச்சுன்னா, 'டிடிரெஸ்க்யூ' வெச்சு அந்த டிஸ்க்கைப் புது டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தேன். சில செக்டர் தவிர எல்லாம் வந்துடுச்சு. பாட்டி வீடியோல மட்டும் நடுவுல சில நொடி கட்டம் கட்டமா உடைஞ்சு, குரலும் அறுந்து போயிருக்கு. அதுக்கு வேற காப்பி இல்ல. பாட்டியும் இப்ப இல்ல.

இன்னிக்கு ராத்திரி பெட்டியை ஆஃப் பண்ணாதீங்க. செக் ஓட விட்டுட்டுத் தூங்குங்க. அடுத்த எபிசோட்ல பேக்கப் பத்திப் பேசுவோம்.