மலை மேல் ஒரு பாலைவனம்



ஆனைமுடியை உங்களுக்குத் தெரியும். தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் அது. உயரம் 2,695 மீட்டர். வடக்கே லடாக்கில் லே என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது!

ஆனால் அது பாலைவனம். ஏன்? மூணாறில் மழை கொட்டுகிறது. பக்கத்து மறையூரில் குறைவு. நடுவே உள்ள மலை மேகத்தைத் தடுத்துவிடுகிறது. லடாக்கில் இமயமலை அப்படித் தடுக்கிறது. லேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான்.

மணாலியிலிருந்து லேக்கு மலைச்சாலை போகிறது. கோடையில் மக்கள் வழிகாட்டியோடு வண்டியில் போகிறார்கள். வழியில் தங்லங் லா கணவாய். உயரம் 5,300 மீட்டருக்கும் மேல். ஆனைமுடியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு!

அங்கே காற்று மெலிந்திருக்கும். ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு ஏறத்தாழ பாதிதான். தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் வரலாம். பலசாலிக்கும் வரும். சிலர் வெட்கப்பட்டு மறைப்பார்கள். அது உயிருக்கே ஆபத்து.

நல்ல வழிகாட்டி அவசரப்பட மாட்டார். முதல் இரவு ஜிஸ்பாவில் தங்க வைப்பார். அது சுமார் 3,200 மீட்டர் உயரம். "தலை வலிக்கிறதா?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார். வலித்தால் மேலே ஏற விடமாட்டார். நோய் முற்றினால் உடனே கீழே இறக்குவார். இறங்குவதே முதல் மருந்து.

ராணுவத்தில் சேரும் பிள்ளைகளும் அங்கே பணிக்குப் போவதுண்டு. அவர்களிடம் சொல்லுங்கள்: மெல்ல ஏறு. வலியை மறைக்காதே!