சொல்லும் சமாதானமும்: கோத்தகிரியில் வாழ்ந்த மார்ஜோரி சைக்ஸ்



கிறிஸ்தவ வாழ்வில் நாவின் ஒழுக்கம் பற்றிப் பேசச் சொன்னார்கள். வேத வசனங்களை அடுக்கியே ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் ஒன்றே அதற்குப் போதும். ஆனால் அதைச் சொல்ல மேட்டுப்பாளையத்திலிருந்து ஓர் ஆள் மலையேறி வரவேண்டுமா? ஞாயிறுதோறும் நீங்கள் கேட்பதுதானே. எனவே இதே கோத்தகிரியில் வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றிப் பேசுகிறேன்.

மார்ஜோரி சைக்ஸ் 1905-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர். 1928-இல் சென்னை வேப்பேரியில் உள்ள பெண்டிங்க் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, பின்னர் அதன் தலைமையாசிரியையானார். தமிழ் கற்றார். 1930-களில் குவேக்கர் சபையில் சேர்ந்தார். சென்னையிலிருந்து சாந்திநிகேதன் சென்றார். தாகூரின் நாடகங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பிறகு காந்தியின் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்விப் பணி. அந்தக் கல்விப் பணியை அங்கே நடத்திவந்தவர் யார் தெரியுமா? யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவரான ஆரியநாயகம். அவருடைய துணைவியார் ஆஷாதேவி வங்காளி. 1950-களின் இறுதியில் சைக்ஸ் இந்த மலைக்கு வந்து தங்கினார். காந்தியின் சீடர் வினோபா 1957-இல் தொடங்கிய சாந்தி சேனை என்ற அமைதிப் படைக்குச் சிறு சிறு குழுக்களாக ஆட்களை இங்கே வைத்துப் பழக்கினார். இந்தியக் குடியுரிமை பெற்ற அவர் 1995-இல் இங்கிலாந்தில் காலமானார்.

குவேக்கர்கள் என்றால் யார் என்று இளைஞர்கள் கேட்கலாம். 17-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரால் இங்கிலாந்தில் உருவான சபை அது. 1947-இல் அமைதிக்கான நோபல் பரிசு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருந்த அவர்களுடைய இரண்டு தொண்டு அமைப்புகளுக்குச் சென்றது. சைக்ஸ் பழகிய அவர்களது ஆராதனையில் பீடமில்லை, பிரசங்கமில்லை, பாட்டுப் புத்தகமில்லை. வட்டமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் மௌனமாக இருப்பார்கள். சொல்லியே தீரவேண்டும் என்று உள்ளுக்குள் உந்துதல் வந்தவர் எழுந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருவார். அடுத்தவர் உடனே எழுந்து பதில் பேசுவது வழக்கமில்லை. சொன்னது மனசில் இறங்க நேரம் விடுவார்கள். இதை இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கலாமா என்று உங்கள் ஆயரைக் கேட்டேன், சிரித்தார்.

ஆராதனையைவிட அவர்களுடைய நிர்வாகக் கூட்டம்தான் என்னை அதிகம் ஈர்த்தது. அங்கே வாக்கெடுப்பே கிடையாது. செயலர் எல்லோரையும் கேட்டுவிட்டு, கூட்டத்தின் கருத்து இதுதான் என்று அங்கேயே எழுதி வாசிப்பார். ஒருவருக்கு மனம் ஒப்பவில்லையென்றால் திருத்துவார், இல்லை ஒத்திவைப்பார். தோற்றவர் என்று யாரும் எழுந்து வெளியே போவதில்லை. வேலை மெதுவாகத்தான் நடக்கும். நம் கமிட்டிக் கூட்டங்கள் மட்டும் வேகமாகவா முடிகின்றன?

ஆணையிடவும் அவர்கள் மறுத்தார்கள். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கோர்ட்டில் சத்தியம் செய்தால் ஒரு உண்மை, கடைத்தெருவில் வேறொரு உண்மை என்று இரண்டு இருக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. அதற்காகச் சிறை போனார்கள். இன்று இந்தியாவின் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாமும் சாட்சிக்கூண்டில் ஆணையிடாமல் உறுதிமொழி மட்டும் கூறலாம்.

இப்படிப் பழகிய சைக்ஸின் நாவுக்குச் சோதனை 1964-இல் வந்தது. நாகாலாந்தில் இந்திய ராணுவத்துக்கும் நாகர் போராளிகளுக்கும் பல ஆண்டுகளாகச் சண்டை. நாகர்களில் பெரும்பாலோர் பாப்டிஸ்டுக் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய சபைகளின் முயற்சியால் ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் சாலிஹா, பாதிரியார் மைக்கேல் ஸ்காட் மூவரும் அமைதிக் குழுவாயினர். 1964 செப்டம்பர் 6 முதல் போர்நிறுத்தம். அதைக் கண்காணிக்கப் போனவர்களில் சைக்ஸும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 59. ஆஷாதேவியும் போனார். நம் கோவைப் பக்கத்து டாக்டர் எம். ஆராமும் போனார்.

அந்த வேலையை நினைத்துப் பாருங்கள். கையில் துப்பாக்கியில்லை, அதிகாரமில்லை. ஒரு தரப்பு அத்துமீறியதாக மறுதரப்பு புகார் சொல்லும். போய் இரு பக்கத்தையும் கேட்க வேண்டும். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். போராளிகளை அரசுத் தரப்பு விரோதிகள் என்றது. அவர்கள் தங்களைக் கூட்டாட்சி அரசு என்றார்கள். ஒரு பக்கத்துச் சொல்லை எடுத்தால் மறுபக்கத்து வாசல் அடைபடும். மௌனத்தில் உட்காரப் பழகாத ஆள் அங்கே ஒரு வாரம் தாக்குப்பிடிக்க மாட்டார். சைக்ஸ் 1967 வரை இருந்தார்.

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். 1966-இல் அமைதிக் குழு கலைந்தது. அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் பிரதமர் இந்திரா காந்தியோடு நடந்த ஆறு சுற்றுப் பேச்சிலும் தீர்வு கிட்டவில்லை. ஆனாலும் போர்நிறுத்தம் 1972 வரை நீடித்தது. அந்த எட்டு ஆண்டுகளும் அங்கே அமைதிப் பணியைக் கட்டிக்காத்தவர் ஆராம்.

இனி நம் மலைக்கே வருவோம். அதே 1964 அக்டோபரில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலர் இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை தரவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. பின்னர் அதுவே டான்டீ என்ற அரசு நிறுவனமானது. இந்தியக் குடிமக்களாகப் பாஸ்போர்ட்டோடு வந்தவர்களை நாம் என்னவென்று அழைத்தோம்? அகதி. ரேஷன் கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில். ஞாயிறு காலை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு, கோயில் வாசலைத் தாண்டியதும் அதே சொல். அது வன்சொல் மட்டுமில்லை, பொய்யும்கூட.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடை போடும் இடத்தையும் பார்த்திருக்கிறேன். ஆடி மாத மழை. படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கொழுந்து மூட்டையோடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். தராசில் தொங்கும் மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று மேஸ்திரி கழிக்கிறார். ஒரு பாட்டி, "இன்னிக்கு ஏன் சாமி ரெண்டு கிலோ கூடக் கழிக்கிறீங்க?" என்று கேட்டார். அவருக்குக் கிடைத்த பதிலை இந்த மேடையில் சொல்ல முடியாது. சொன்னவர் சபையில் காணிக்கைத் தட்டு எடுப்பவர். நற்செய்தி அந்தப் பாட்டியின் காதுக்கு முதலில் எட்டவேண்டிய இடம் அந்தத் தராசடிதான்.

படித்தவர்களும் நாவடக்கத்தில் தேறிவிடுவதில்லை. குறளை 1886-இல் ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் ஐயர் அதற்கு முன் ஊட்டியில் பள்ளி நடத்தியவர். இனியவை கூறல் அதிகாரத்தை மொழிபெயர்த்த அந்தப் பேரறிஞர், பிள்ளைகளிடம் மிகக் கடுமையானவர் என்றே பெயரெடுத்தார். புத்தகத்திலிருந்து நாவுக்கு இறங்கும் வழி அவ்வளவு நீளம்.

சபையாரே, எல்லா ஊர்களிலும் போல இங்கும் சபைத் தேர்தல் வரும். கையெழுத்தில்லாத நோட்டீஸ் ஒன்றை யாராவது உங்கள் கையில் தந்தால் வாங்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். ஒருவர்மேல் குறையிருந்தால் அவர் வீட்டுக்குப் போய் அவரிடமே சொல்லுங்கள். கோர்ட் படி ஏறுமுன், இரு தரப்பும் ஒரு மணி நேரம் பேசாமல் எதிரெதிரே உட்கார்ந்து பாருங்கள். இந்த ஆண்டு இதை மட்டும் செய்துவிட்டு, அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு வருபவரிடம் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.