கோயிலும் அங்காடியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் நான் பெரும்பாலும் கேட்பவளாகவே இருந்து வந்திருக்கிறேன். இன்று பேசச் சொல்லிப் பயணமும் இலக்கியமும் என்று பொருளும் தந்தீர்கள். ஏ.கே. செட்டியாரைப் பற்றிப் பேசுவதென்று குறிப்பெடுத்து வைத்திருந்தேன். 1930களில் புகைப்படக்கலை பயில டோக்கியோ சென்ற மாணவர் அவர். கண்டதைச் சொல்லித் தம்மை மறைத்துக்கொள்ளும் நடை அவருடையது. அந்தக் குறிப்பு வீட்டு மேசைமீது கிடக்கிறது. இடையே என் பழைய மாணவி ஒருத்தியிடமிருந்து கைப்பேசியில் ஒரு நீண்ட மடல் வந்துவிட்டது.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த பெண் அவள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம் மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, பொழுது சாயத் திரும்பும் பெண்களில் அவளுடைய தாயும் ஒருவர். முதுகலை முடித்து, உதவித்தொகை பெற்று, இப்போது தென்கொரியத் தலைநகர் சியோலில் மேற்படிப்புப் படிக்கிறாள். தனியாக ஒரு பெண்ணை அவ்வளவு தொலைவு அனுப்புவதா என்று தாய்மாமன் மறித்தார். அவர் வீட்டுத் திண்ணையில் இரண்டு மாலை உட்கார்ந்து வழக்காடியவள் நான். ஆகவே அவளுடைய மடல் எதுவானாலும் ஒரு பதைப்போடுதான் படிக்கத் தொடங்குவேன்.

ஒரு விடுமுறை நாளில் கியோங்போக்குங் என்னும் அரண்மனையைப் பார்த்திருக்கிறாள். 1395இல் எழுந்தது. 1592இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்து, இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் பாழாய்க் கிடந்து, 1867இல் மீண்டும் எழுப்பப்பட்டது. அங்கே 1895இல் அந்நாட்டு அரசி மின், ஜப்பானியர் ஏவிய கொலைஞரால் வெட்டுண்டார். நாடு அடிமைப்பட்டபின் கட்டடங்களிற் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டு, அரியணை மண்டபத்தை மறைத்தாற்போல ஆட்சித் தலைமையகம் ஒன்றை 1926இல் கட்டி முடித்தனர். விடுதலைக்குப்பின் ஐம்பதாண்டு கழித்து, 1995, 96ஆம் ஆண்டுகளில் கொரியர் அதனைத் தகர்த்து அகற்றினர். மன்றத்தில் இன்ன தகுதியர் இவ்விடத்து நிற்க என்று நாட்டிய சிறு கற்கள் இரு வரிசையாக உள்ளன. "கடைசிக் கல்லுக்கும் பின்னால் போய் நின்று பார்த்தேன் அம்மா, அங்கிருந்து அரியணை தெரியவே இல்லை" என்று எழுதுகிறாள். மரபுடை அணிந்து வருவோர்க்கு அங்கே நுழைவுக் கட்டணம் இல்லையாம். வாடகைக்கு எடுத்த பட்டுடுத்தி இளையோர் கூட்டம் கூட்டமாய் உலவ, இவள் தாயின் பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டு சீட்டு வாங்கி உள்ளே போயிருக்கிறாள்.

மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையை நினைத்துக்கொண்டேன். நம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் முதலிற் காணும் அரண்மனை பெரும்பாலும் அதுதான். அதுவும் இடிந்தது போக எஞ்சிய பகுதியே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேப்பியர் பிரபு காலத்தில் பழுது பார்த்து நிறுத்தப்பட்டது. தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டுப் புதுமண்டபத்துக்கு ஓடி வளையலும் பாத்திரமும் வாங்குவோம். அக்கடைகளையும் அண்மையில் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அன்று மாலையே அவள் குவாங்ஜாங் சந்தைக்குப் போயிருக்கிறாள். ஜப்பானின் பிடி இறுகிய 1905இல், கொரிய வணிகர் தமக்கென நிறுவிக்கொண்ட அங்காடி அது. துணிக்கடைகள் அடைத்தபின்னும் உணவுக்கடைகளில் விளக்கு எரிகிறது. ஊறவைத்த பாசிப்பயற்றைத் திரிகைக் கல்லில் அரைத்து, எண்ணெய் மிதக்கத் தட்டையாய்ச் சுட்டெடுக்கிறார்கள். அவள் உட்கார்ந்த பலகைக்கு எதிரே சுட்டுக்கொண்டிருந்தவள் எழுபது கடந்த கிழவி. பக்கத்தில் ஒரு குழந்தை "அப்பா" என்று கூப்பிட்டதாம். (உடனே இரு நாட்டுக்கும் உறவு பேசக் கிளம்புவோர் நம்மிடையே உண்டு. ஒலி ஒத்தால் மட்டும் இனம் ஒத்ததாகாது. அயுத்த நாட்டு இளவரசி கதையையும் அவ்வளவில் நிறுத்திக்கொள்வது நலம்.)

கோயில் என்றால் பழந்தமிழில் அரண்மனை. கோ வாழும் இல். மதுரைக்காஞ்சி நாளங்காடி, அல்லங்காடி இரண்டையும் பாடுகிறது. இவள் ஒரே நாளில் கோயிலும் கண்டாள், அல்லங்காடியும் கண்டாள். மடலின் முடிவில், "மூன்றாண்டுக்கு முன் வகுப்பில் நான் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கிறதா அம்மா?" என்று கேட்டிருந்தாள்.

நினைவிருந்தது. ஊர்காண் காதை நடத்திக்கொண்டிருந்தேன். கோவலன் கவுந்தியடிகளிடம் சொல்லிவிட்டு மதுரையைச் சுற்றிப் பார்க்கிறான். மணிக்கடை, பொற்கடை, அறுவைக் கடை, கூலக்கடை. இவை தேர்வில் ஐந்து மதிப்பெண் வினா. வரிசையாகச் சொல்லி எழுத வைப்பேன். அன்று அவள் எழுந்து, "கண்ணகிக்கும் ஊர் பார்க்க ஆசை இருந்திருக்காதா?" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். தேர்வுக்கு வராது, உட்கார் என்றேன்.

முனைவர் பட்டம் வாங்கியவள் அப்படிச் சொன்னேன். இம்மடலைப் படித்த இரவு காதைகளை மறுபடி எடுத்து வைத்து, கண்ணகி மதுரையில் எதையெல்லாம் பார்த்தாள் என்று தேடினேன். கோவலன் நகருலாப் போனபோது அவள் புறஞ்சேரியில் இருக்கிறாள். பிறகு மாதரி கைப்பற்றி அழைத்துச் செல்ல, போர்ப்பொறிகள் பொருத்திய மதிலைக் கடந்து ஆயர் மனை சேர்கிறாள். அங்காடித் தெரு அவளுக்குக் காட்டப்படவில்லை. அந்நகரின் தெருவை அவள் பார்க்கத் தொடங்குவது ஊர்சூழ்வரியில்; கையில் ஒற்றைச் சிலம்போடு, கணவன் உடலைத் தேடிக்கொண்டு. கோயிலுக்குள் நுழைவதும் வழக்குரைக்கவே. கோவலன் அங்காடியை விருந்தினனாய்ப் பார்த்தான்; கண்ணகி அரண்மனையை வழக்காளியாய்ப் பார்த்தாள். ஊர்காண் காதையை வருணனைப் பகுதி என்று இருபதாண்டு நடத்தியிருக்கிறேன். அங்கே ஒருத்தி விட்டுச் செல்லப்பட்டிருக்கிறாள் என்பதைச் சொல்ல ஒரு மாணவி வேண்டியிருந்தது.

கீழை வாயிலில் கணவனோடு புகுந்தவள், மேலை வாயிலில் தனியே வெளியேறி, வையைக் கரையோடு மேற்கே நடந்து வந்து சேர்ந்த இடம் நம்முடைய மலை என்றே இங்குள்ளோர் நம்புகிறோம். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அவ்வழியே தேடி வந்து, 1963இல் கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறைக் கோட்டத்தை உலகறியச் செய்தார். ஆண்டில் ஒரே நாள், சித்திரை முழுநிலவன்று, இரு மாநிலக் காவலர் முன்னிலையில் மேலேறிப் போய் வருகிறோம். அதைப் பற்றிய கவிதைகள் நம் வட்டத்தில் எத்தனையோ படிக்கப்பட்டுள்ளன. எல்லாவற்றிலும் கண்ணகி எரிக்கிறாள், பார்ப்பதில்லை. கவிஞர்கள் பொறுத்தருள்க.

அடுத்த ஞாயிறன்று அந்தத் தாயிடம் மடலைப் படித்துக் காட்டினேன். அரண்மனைப் பகுதி முழுவதும் தலையசைத்துக் கேட்டவர், கிழவி பயற்றடை சுடும் இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அரமன கெடக்கட்டும் டீச்சரம்மா. அந்தக் கெழவிக்கு ஒரு நாளைக்கு எம்புட்டுக் கெடைக்குமாம்? வீட்டுக்கு எப்படிப் போகும், ஜீப்பு உண்டா?" என்றார்.

மடலில் அது இல்லை. கேட்டு எழுதினேன். மறுநாளே மறுமொழி வந்தது. "கேட்கவில்லை அம்மா. கேட்கும் அளவுக்கு எனக்கு இன்னும் கொரிய மொழி வரவில்லை. வரும் சனிக்கிழமை மீண்டும் போகிறேன்" என்று இருந்தது. அந்தச் சனிக்கிழமை நாளை மறுநாள். அந்தத் தாயும் இவ்வவையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.