அடுப்பில்லாத இனிப்பு

மாத்தளைக் கொக்கோ, குருநாகல் தேங்காய், மொனராகலைக் கச்சான் ஆகிய மூன்றும் இலங்கை மண்ணில் விளைபவை. இவற்றைக்கொண்டு அடுப்பு மூட்டாமலே சொக்கலேற் உருண்டைகளை வீட்டில் ஆக்கிக்கொள்ளலாம்.

கடையில் வாங்கிய வறுத்த கச்சானை ஒன்றிரண்டாக இடித்து, அதில் ½ கிண்ணமும், உலர்த்திய தேங்காய்த்துருவல் 2 கிண்ணமும், கொக்கோத்தூள் ¼ கிண்ணமும் கலத்தல் வேண்டும். இனிப்பூட்டிய ரின்பாலைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைந்து, பதம் வந்ததும் உருட்டித் துருவலிற் புரட்டி எடுக்கலாம்.

ஒன்றை மறத்தலாகாது. தீயானது உணவைப் பக்குவஞ் செய்வதோடு கிருமிகளையும் அழிக்கின்றது. தீயை விலக்கினால், அதன் காவலை உலர்வும் தூய்மையுமே ஏற்றல் வேண்டும். பச்சைத் தேங்காயில் ஏறத்தாழப் பாதி நீர்; இவ்வெப்பநாட்டில் அது விரைவிற் பழுதாகும். உலர்த்திய துருவலில் நீர் நூற்றுக்கு 3 பங்களவே. ஆதலின் அது நெடுநாள் நிற்கும். பூஞ்சணம் பிடித்த கச்சானின் நஞ்சோ வறுத்தாலும் முற்றாக நீங்காது. அதனை எறிந்துவிடுதலே நன்று.

சவர்க்காரமிட்டுக் கைகழுவிய சிறுவரிடம் இவ்வேலையைத் தாய்மார் தயங்காது ஒப்படைக்கலாம். தீக்காய அச்சம் இல்லை. அவர்கள் உருட்டியவை மறுநாள்வரை மிஞ்சுவதுதான் அரிது.